வெயில் சுட்ட கண்ணாடி

வண்டியின் சைடு கண்ணாடிக்குள் சூடு வைத்திருக்கிறார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது நான் சிரித்துவிட்டேன். மதுரையில் இருந்துகொண்டு கண்ணாடியைச் சூடாக்க ஒரு சுவிட்ச் வேறு வேண்டுமா என்று கேட்டேன். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் கதவைத் திறக்க முந்தானையால் பிடிக்க வேண்டிய ஊர் இது.

நீங்கள் எல்லோரும் இப்போதுதான் வண்டி வயரிங் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். புதுப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்கள் ஷெட்டில் கேட்டார்கள். கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நாலு வார்த்தையோடு நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை, அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஃபியூஸ் எங்கே இருக்கும், ரிலேவை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் வேலை செய்யச் செய்ய உங்களுக்கே வந்துவிடும். நான் சொல்ல வந்தது ஒரு பழைய வேனையும், அதன் வலது பக்கக் கண்ணாடியையும், அதனால் ஒரு மனிதர் பட்ட பாட்டையும் பற்றி.

முதலில் அந்த சுவிட்சைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கட்டத்துக்குள் மேலே நெளிந்து போகிற மூன்று கோடு போட்டிருக்கும். தல்லாகுளத்தில் கோர்ட்டு வேலை பார்த்த ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டிய பிறகு, ஒருநாள் என்னிடம் வந்து, அக்கா, இந்தப் பூரான் படம் எதற்கு என்று கேட்டார். அதை அழுத்தினால் பின்பக்கக் கண்ணாடியும் இரண்டு சைடு கண்ணாடியும் சூடாகும், பனி படிந்திருந்தால் விலகும் என்றேன். பனியா என்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் அந்த சுவிட்சை யாரும் தொடுவதில்லை. தொடாததால் அது வேலை செய்கிறதா இல்லையா என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. கொடைக்கானல் ஏறி, மேகம் ரோட்டில் இறங்கும்போதுதான் அதன் ஞாபகம் வரும்.

திருமங்கலத்தில் சுற்றுலா வேன்கள் வைத்து ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். வேன்காரர் என்றே சொல்கிறேன். அவருடைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் வயரிங் வேலை நான் இருந்த ஷெட்டில்தான் நடக்கும். அவரிடம் வெளிநாட்டுக் கம்பெனி வேன் ஒன்று இருந்தது, பல கை மாறி வந்தது. மலைக்கு இதுதான் சரி என்று அதைக் கொடைக்கானலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். அதை ஓட்டியவர் பாண்டி. கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். கிணறு வற்றிய பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். அதிகம் பேசமாட்டார். வண்டியை எங்களிடம் விட்டுவிட்டு, வேலை முடியும் வரை டயர் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் உச்சி வெயிலில் அந்த வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வேன்காரர். பாண்டி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். மலையில் இருந்து இறங்கும்போது நல்ல மேகமூட்டம், சாரல் வேறு. ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறது. இரண்டும் ஒதுங்க இடம் போதவில்லை. பஸ் டிரைவர் கையைக் காட்ட, பாண்டி வேனைப் பின்னால் எடுத்திருக்கிறார். வளைவில் தள்ளுவண்டி போட்டு வேகவைத்த சோளம் விற்கிற ஒரு அம்மா அந்த நேரம் பார்த்து வேனுக்குப் பின்னால் வலது பக்கமாக ரோட்டைக் கடந்திருக்கிறார். சக்கரம் அவர் காலில் ஏறிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் எலும்பு நொறுங்கி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

வலது கண்ணாடி வெள்ளையாக மூடிக்கிடந்தது, சுவிட்சைப் போட்டும் விலகவில்லை, அதனால் தெரியவில்லை என்றார் பாண்டி. வேன்காரர் நம்பவில்லை. விழுந்த அம்மாவும் நம்பவில்லை. ஏனென்றால் ஓடி வந்தவர்கள் பார்த்தபோது பாண்டியின் கையில் போன் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. போன் பார்த்துக்கொண்டே ஏற்றிவிட்டான் என்று அந்த வளைவு முழுக்கப் பேச்சாகிவிட்டது. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றபோது அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

வேன்காரர் வருகிற வழியில் வேறொரு ஷெட்டில் காட்டியிருக்கிறார். அங்கே வண்டியை வெளியே நிறுத்தி, சுவிட்சைப் போட்டு, கண்ணாடியில் கை வைத்துப் பார்த்து, நன்றாகச் சுடுகிறதே என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பாண்டி சொன்னது பொய் என்று முடிவுகட்டிவிட்டார். இருந்தாலும் எங்கள் ஷெட் மேல் அவருக்கு ஒரு மரியாதை. நீங்களும் அதையே சொல்லிவிட்டால் இவனை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக் கொடுக்கிறேன் என்றார். அப்படி எழுதிக் கொடுத்தால் பாண்டியின் லைசென்ஸ் போய்விடும், மறுபடி எந்த வண்டியிலும் ஏற முடியாது.

எங்கள் மேஸ்திரி என்னைப் பார்த்தார். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அவர். பேச்சில் சிக்கனம், திட்டுவதில் தாராளம். பொம்பளைக்கு வயரிங் வேலை எதற்கு என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களிடம், வயருக்கு அதெல்லாம் தெரியாது, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தவர். பாரு பிள்ளை என்றார், அவ்வளவுதான்.

நான் போய் வலது கண்ணாடியில் கை வைத்தேன். சுட்டது. இடது பக்கமும் சுட்டது.

"பாத்தியாம்மா? நான் சொல்லலை?" என்றார் வேன்காரர். பக்கத்து ஷெட் ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களும் தலையை ஆட்டினார்கள். பாண்டி தலையே தூக்கவில்லை.

எனக்கு என்னவோ உறுத்தியது. அப்புறம்தான் கவனித்தேன், சாவி வேன்காரரின் சட்டைப் பையில் இருந்தது.

"அண்ணே, இன்ஜினே ஓடலையே" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வராது. மலைநாட்டுக்காரன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவன் ஊரில் கண்ணாடி தானாகச் சுடாது, சுட்டால் சூடு வேலை செய்கிறது என்று பொருள். நம் ஊரில் எல்லாமே சுடும். கையை வைத்துச் சுடுகிறது என்று சொல்வது மதுரை வெயிலுக்குச் சான்றிதழ் கொடுக்கிற மாதிரி.

வேனை ஷெட்டுக்குள் தள்ளி நிழலில் நிறுத்தினோம். கண்ணாடி ஆறட்டும் என்று காத்திருந்தோம். பிள்ளைகளா, இந்தக் காத்திருப்பு இருக்கிறதே, வேலையில் இதுதான் கஷ்டம். கை சும்மா இருக்காது, எதையாவது கழற்றச் சொல்லும். பக்கத்தில் நிற்கிறவரும், என்ன சும்மா நிற்கிறீர்கள் என்பார். வேன்காரரும் அப்படித்தான் கேட்டார். இது வெயிலில் வெந்த கண்ணாடி, ஆறாமல் எதைப் பார்த்தாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

ஆறிய பிறகு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பாலித்தீன் பையில் கட்டி, இரண்டு கண்ணாடி மேலும் வைத்துக் குளிர வைத்தேன். டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கக் கெட்டிலை வாங்கி வந்து ஆவியைப் பிடித்தேன். டீ மாஸ்டர், என்ன மதினி, வண்டிக்குச் சளியா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். இரண்டு கண்ணாடியும் பால் ஊற்றின மாதிரி வெளுத்தன. மேஸ்திரி இன்ஜினைப் போட்டு சுவிட்சை அழுத்தினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் இடது கண்ணாடி நடுவில் இருந்து தெளிந்தது. வலது கண்ணாடியும் தெளிந்தது.

முடிந்தது கதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வேன்காரர் செருப்பைத் தேடினார். எங்கள் ஷெட்டுக்கு வெளியே இன்னும் வண்டிகள் நின்றன, அவற்றில் பாதி அவருடையவை. சரிதான் அண்ணே, வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நான் பார்த்ததும் அதுதானே, பொய் ஒன்றும் இல்லையே.

ஆனால் பாண்டியின் முகத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட முகமாக அது இல்லை. தன் கண்ணையே நம்ப முடியாத முகமாக இருந்தது. "அக்கா, அன்னைக்கு இப்படிப் போகலைக்கா" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னாரா, கண்ணாடிக்குச் சொன்னாரா தெரியவில்லை.

அவரிடம் என்ன நடந்தது என்று மறுபடி கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவர் வாயில் தேய்ந்துபோயிருந்தது. அதனால், நீங்கள் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம், சீட்டில் உட்காருங்கள், பஸ் வந்ததில் இருந்து கை என்ன செய்ததோ அதை அப்படியே செய்யுங்கள் என்றேன்.

பாண்டி ஏறி உட்கார்ந்தார். கதவுக் கண்ணாடியை இறக்கினார். எதிரே பஸ் வருகிற மாதிரி பார்த்தார். அவருடைய வலது கை வெளியே வந்து, சைடு கண்ணாடியை மடக்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வெளியே வந்து விரித்தது. பிறகு ரிவர்ஸ் கியருக்குப் போனது.

மடக்கினதை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். எதை என்றார். கண்ணாடியை மடக்கினது என்றேன். மடக்கினேனா என்று கையைப் பார்த்தார்.

கோயிலைச் சுற்றி இருக்கிற சந்துகளில் ஓட்டிப் பழகின எந்த டிரைவருக்கும் இது உண்டு. எதிரே ஒரு ஆட்டோ வந்தால் போதும், கை தானாக வெளியே போய்க் கண்ணாடியை மடக்கும், ஆட்டோ போனதும் விரிக்கும். கொட்டாவி விடுகிற மாதிரி, செய்தது தெரியாது. ஒருநாளைக்கு எத்தனை தடவையோ, எத்தனை வருஷமோ. அந்த மடிப்புக்குள்ளேதான் சூட்டுக்குப் போகிற வயர் போகிறது.

திரும்ப ஐஸ் வைத்து, திரும்ப ஆவி பிடித்தேன். சுவிட்சைப் போட்டோம். இடது பக்கம் தெளிந்தது. வலது பக்கம் அப்படியே வெள்ளையாக நின்றது. மடக்கி விரித்தேன், தெளிந்தது. இன்னொரு தடவை மடக்கி விரித்தேன், தெளியவில்லை. ஒரு நேரம் பிடித்தது, ஒரு நேரம் விட்டது. பாண்டி கீழே இறங்கி அந்த வெள்ளைக் கண்ணாடி முன்னால் நின்றார். தொடவில்லை.

வேன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருந்ததை நீதாம்மா ஆட்டி ஆட்டி அத்துவிட்ட. அவன் பாவம்னு பாக்குறியா?" என்றார்.

உள்ளே அறுந்திருக்கும் என்று எனக்கு நிச்சயம். பிளேடை எடுத்து, மடிப்பில் இருந்த ரப்பர் உறையைக் கிழித்துக் காட்டிவிடலாம் என்று குனிந்தேன். மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லு பிள்ளை. அவரு கிட்ட வரட்டும். அவரு கண்ணு முன்னால வெட்டு. நீ தனியா வெட்டிட்டா அப்புறம் அது உன் பேச்சு, அம்புட்டுதான்."

இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சொன்னதில் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இதுதான். சந்தேகப்படுகிறவன் கண்ணுக்கு எதிரில்தான் பழுதைத் திறக்க வேண்டும். நீங்கள் கண்டுபிடித்த பிறகு கூப்பிட்டுக் காட்டினால், நீங்கள் காட்டியதைத்தான் அவன் பார்ப்பான். கூடவே குனிந்து பார்த்தால் அவனே கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு அவனால் இல்லை என்று சொல்ல முடியாது.

வேன்காரர் கிட்டே வந்து பையில் இருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் மெதுவாக உறையைக் கிழித்தேன். வயர் உள்ளே இரண்டாக முறிந்து, முனைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. விரிக்கும்போது உரசினால் சூடு போகும், உரசாவிட்டால் போகாது. முனைகள் இரண்டும் கறுத்து, பச்சை பிடித்துப் போயிருந்தன. அதே வயரில் நல்ல இடத்தில் ஒரு வெட்டு வெட்டி, பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புதிதாக வெட்டின செம்பு பளபளவென்று இருந்தது. இன்றைக்கு நான் ஆட்டி அறுந்ததென்றால் இப்படித்தான் இருக்கும்.

வேன்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். பச்சை போகவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தப்பென்று தெரிந்தால் இழுத்துக்கொண்டே நிற்கிற ஆளும் இல்லை. நேரே பாண்டியிடம் போய், சட்டைப் பையில் இருந்த சாவியை நீட்டினார்.

"மாப்ள, நீ சொன்னதுதான் நெசம். பிடி."

பாண்டி கையை நீட்டவில்லை.

"சாவி கெடக்கட்டும்ணே. நான் போன் பாத்துக்கிட்டே ஏத்திட்டேன்னு அந்தம்மா நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா நம்பாது."

வேன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீயும் வாம்மா, எனக்கு வயரைப் பற்றிப் பேச வராது என்றார். மேஸ்திரி சரியென்று தலையசைத்தார். முறிந்த வயரை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். காலில் கட்டுப் போட்டு, கட்டிலில் உயரத் தூக்கி வைத்திருந்தார்கள். பாண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பப் பார்த்தார். கூட நாங்கள் வந்திருந்ததால் திருப்பவில்லை. வேன்காரர்தான் பேசினார். இவன் மேல் தப்பு என்று நானும்தான் நினைத்தேன், வண்டியில் கோளாறு இருந்திருக்கிறது, வண்டி என்னுடையது, அதனால் தப்பும் என்னுடையதுதான் என்றார். போன் எடுத்தது உங்களுக்கு ஆம்புலன்ஸ் சொல்லத்தான் என்றும் சொன்னார். நான் துணியைப் பிரித்து வயரைக் காட்டி, எங்கே முறிந்தது, ஏன் அந்த நேரம் கண்ணாடி தெளியவில்லை என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அந்த அம்மா வயரைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோளம் வேகவைத்துக் காய்த்துப்போன கை.

வயரை என்னிடம் கொடுத்துவிட்டு, முதன்முறையாகப் பாண்டியை நேராகப் பார்த்தார்.

"வயரு அத்துப்போச்சு, சரி. நீ போன் பாக்கலை, அதும் சரி. கண்ணாடி தெரியலைன்னு உனக்குத் தெரிஞ்சுச்சுல்ல?"

"தெரிஞ்சுச்சும்மா."

"அப்ப எறங்கி ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

வேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். எதிரே பஸ் நின்றதையும், அதன் டிரைவர் சீக்கிரம் சீக்கிரம் என்று கை காட்டியதையும் பாண்டி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"குடுத்திருக்கணும்மா" என்றார்.

வயர் கறுத்திருந்தது என்று காட்ட எனக்குத் தெரியும். அதற்கு மேல் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு வேலை இல்லை. பிள்ளைகளா, நம் வேலை எங்கே தொடங்குகிறது என்று எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள், எங்கே முடிகிறது என்பது இப்படி ஒருநாள் நின்று பார்த்தால்தான் விளங்கும். பழுது இருந்தது என்று சொன்னால் அந்த மனிதருடைய பேர் திரும்பும். கால் திரும்பாது. பாண்டிக்கு அது எங்கள் எல்லோரையும் விட முன்னாலேயே தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் சாவியை வாங்காமல் இங்கே வந்தார்.

அந்த அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டி, உட்கார் என்றார். பாண்டி உட்கார்ந்தார்.

"என் தள்ளுவண்டி அங்கனயே கெடக்கு. ஒரு மூடு துணி கூட இல்லை. சாரல்ல நனைஞ்சுக்கிட்டு இருக்கும். நீ மேல போகையில மூடிட்டு வந்துருவியா?"

"மூடிர்றேம்மா. நாளைக்கே போறேன்."

"காத்துல பறக்காம கல்லை வச்சு மூடு" என்றார் அந்த அம்மா. எந்த மூலையில் எந்தக் கல்லை வைக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். பாண்டி முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.